அகதிகளுக்கு ஒரு துண்டு நிலம்

ஆப்பிரிக்காவிலேயே மிக அதிகமான அகதிகளுக்குப் புகலிடம் தந்துள்ள உகாண்டா, அவர்களை முகாம்களில் அடைத்து உணவுப் பங்கீட்டை மட்டுமே நம்பியிருக்கச் செய்யாமல், 2006ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் வழியே வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை வழங்கியதோடு, குடியிருப்புகளில் பயிரிட நிலத்தையும் ஒதுக்குகிறது. ஆனால் இது அனுபவ உரிமை மட்டுமே, அதாவது நிலத்தை உழுது பயன் பெறலாமே தவிர விற்க இயலாது.

தென்சூடான் போரிலிருந்து தப்பியோருக்காக 2016இல் உருவான பிடிபிடி போன்ற குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட மனை, அதாவது கால் ஏக்கருக்கும் குறைவு. வீடும் கழிப்பறையும் போக எஞ்சும் இடத்தில் கீரையும் காய்கறியும் விளையலாம், ஆண்டு முழுவதற்குமான மக்காச்சோளம் விளையாது.

விறகையும் தண்ணீரையும் பகிர்ந்துகொள்ளும் உள்ளூர் மக்களும் ஏழைகளே என்பதால், உதவித் திட்டங்களில் சுமார் 30 விழுக்காடு அவர்களைச் சேரவேண்டும் என்னும் நெறி மிக நியாயமானது. இதனினும் நம்பிக்கை தருவது, ஊரார் தரிசு நிலத்தைத் தர, இரு தரப்பு உழவர்களும் குழுவாகப் பயிரிடும் முறை. எனினும் குத்தகை எழுத்தில் இல்லாவிட்டால், புதர் நீக்கிப் பண்படுத்திய நிலத்தை அடுத்த பருவத்திலேயே அகதிகள் இழக்க நேரிடலாம்.