பட்டம் யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரவு பதினொன்றரை மணிக்கு மேல் டெலிவிஷன் முன் உட்காரும் ஜனங்களுக்கு ஒரு நெடுநாள் வழக்கம் உண்டு. ஒரு மனிதர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வருவார். அன்றைய ராஜீய விவகாரங்களைப் பற்றிச் சில நிமிஷங்கள் பரிகாசமாகப் பேசுவார். பின்னர் ஒரு மேஜைக்குப் பின்னால் அமர்ந்து, நடிகரோ பாடகரோ மந்திரியோ, வந்தவரை அருகில் இருத்திச் சம்பாஷிப்பார். அதைக் கேட்டுவிட்டே பலர் உறங்கச் செல்வர். இத்தகைய கேளிக்கையைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று கேட்பாரும் உளர். அதிகாரத்தில் இருப்போரை நாள்தோறும் நகையாடும் சுதந்திரம் பெற்ற ஸ்தானம், பெயரளவில் கேளிக்கையாயினும் பொது ஸ்தானமே என்பது நமது அபிப்பிராயம். அந்த ஸ்தானத்தை வகித்தவர் விலகும்போது அடுத்தவரை நியமிக்கும் விஷயத்தில் அந்நாட்டுக் கம்பெனிகள் நடந்துகொண்ட விதம் ஆராயத்தக்கது.

இம்மேடைகளுள் மூத்தது என்.பி.சி. கம்பெனியின் 'டுனைட் ஷோ'. 1954ல் ஸ்டீவ் ஆலன் தொடங்கினார். 1957ல் ஜாக் பார் வந்தார். 1962 அக்டோபரில் ஜானி கார்ஸன் அமர்ந்தார். கார்ஸன் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்நாற்காலியை விட்டு எழவில்லை. 1991 மே மாதத்தில் அவர், ஓராண்டில் தாம் ஓய்வு பெறப்போவதாக, ஒருவரும் எதிர்பாராத வகையில் அறிவித்தார்.

உரிமை கோரியோர் இருவர். டேவிட் லெட்டர்மன், 1982 முதல் கார்ஸனின் நிகழ்ச்சி முடிந்தவுடன் தொடங்கும் அடுத்த நிகழ்ச்சியை நடத்தி வந்தவர். ஜே லெனோ, 1987 முதல் கார்ஸன் விடுமுறையில் செல்லும் இரவுகளில் அவருடைய இடத்தில் அமர்ந்தவர். ஒருவர் பக்கத்து வீட்டில் ஒன்பது ஆண்டு காத்திருந்தார்; மற்றவர் எஜமானர் ஊரில் இல்லாத நாட்களில் திண்ணையில் வீற்றிருந்தார். எவருடைய பாத்தியதை பெரிதென்று வாதிக்க இரு கட்சியிலும் நியாயம் உண்டு. லெனோ சர்வஜன ரஞ்சகர். கம்பெனியின் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வெளியூர் ஸ்டேஷன்காரர்களிடம் இனிமையாகப் பழகியவர். லெட்டர்மனோ, 1986ல் தமது கம்பெனியை விலைக்கு வாங்கிய ஜெனரல் எலெக்ட்ரிக் முதலாளிகளையே மேடையில் வைத்துப் பரிகசித்தவர். அதனால்தான் அவர் தள்ளப்பட்டார் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் எஜமானைப் பார்த்துச் சிரித்தவனுக்குப் பதவி உயர்வு எளிதில் கிட்டுவதில்லை என்பது உலகம் அறிந்ததே.

தேர்வு நடந்த முறையைக் கேளுங்கள். கார்ஸன் தமது ஓய்வை வெளியிடுமுன்பே, லெனோவின் மானேஜரான அம்மையார் கம்பெனியாரிடம் ரகசியமாக ஏற்பாடு முடித்து வைத்திருந்தார் என்று, இவ்விவகாரத்தை ஆராய்ந்து 1994ல் நூல் வெளியிட்ட பத்திரிகையாளர் பில் கார்ட்டர் எழுதுகிறார். 30 ஆண்டுகள் அந்த மேடையைக் கட்டி வளர்த்த கார்ஸனிடம் யோசனை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1992 மே 25ந் தேதி லெனோ முதன்முதலாகப் பதவியில் அமர்ந்த இரவில், மூன்று நாட்களுக்கு முன் விடைபெற்றவரின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. வீட்டுக்குள் புகுந்தவர், கட்டியவரை மறந்தார்.

அதன் பின்னும் கம்பெனியாரின் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. சில மாதங்களுக்குள் அம்மையாரை விலக்கினர். லெட்டர்மனை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினர். பட்டத்தை மாற்றிக் கொடுக்கலாமா என்று டெலிபோனில் கூடி ஆலோசித்தனர். பட்டத்தில் இருந்த லெனோ, தமது கதி யாதென்றறிய, பக்கத்துச் சிறு அறையொன்றில் ஒளிந்திருந்து அவ்வாலோசனையை ஒட்டுக் கேட்டாராம்! இறுதியில் அவர்கள் லெட்டர்மனிடம், லெனோவின் ஒப்பந்தம் 1994ல் முடிந்தபின் இடம் உமக்கே என்றனர். அவர் அதை மறுத்து, போட்டிக் கம்பெனியான சி.பி.எஸ். சென்று, 1993 ஆகஸ்டு 30ந் தேதி அதே நேரத்தில் புது மேடை கண்டார். 1995 வரையில் அவரே முன்னணியில் நின்றார். பின்னர் லெனோ வென்று நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தார். ஆகவே கம்பெனியார் தேர்ந்த ஆள் தவறானவர் அல்லர். தேர்ந்த வழிதான் தவறு. கார்ஸனின் மனம் எப்பக்கம் இருந்தது என்பதையும் உலகம் பிற்பாடு அறிந்தது. 1994ல் அவர் லெட்டர்மனின் மேடைக்கு வந்து மேஜைக்குப் பின்னால் சற்று நேரம் அமர்ந்தார்; லெனோவின் மேடைக்கு ஒருநாளும் வரவில்லை. தமது கடைசி நாட்களில் லெட்டர்மனுக்கு ஹாஸ்யங்களை எழுதி அனுப்பி வந்தார் என்ற செய்தி 2005ல் வெளிவந்தது.

பட்ட பின் புத்தி வந்ததென்று நினைத்தோ என்னவோ, 2004 செப்டம்பரில் என்.பி.சி. கம்பெனி புதியதொரு உபாயம் செய்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2009ல், லெனோ விலகுவார், கோனன் ஓப்ரையன் அமர்வார் என்று யுவராஜ பட்டாபிஷேகமே செய்துவிட்டது. 2009 ஜூன் 1ந் தேதி ஓப்ரையன் அமர்ந்தார். ஆனால் மன்னரை வனத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை! அதே ஆண்டு செப்டம்பரில் லெனோவுக்கு இரவு 10 மணிக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள். அது சோபிக்கவில்லை, அதைத் தொடர்ந்து வரும் உள்ளூர்ச் செய்திகளுக்கு ஜனங்கள் குறைந்தனர், ஸ்டேஷன்காரர்கள் கூக்குரலிட்டனர். உடனே, லெனோவை 11.35க்கு அமர்த்தி, ஓப்ரையனை நள்ளிரவு கடந்து 12.05க்குத் தள்ளுவதாகக் கம்பெனி முடிவு செய்தது.

இங்கே வக்கீல்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓப்ரையனின் ஒப்பந்தம் அவருக்கு 'டுனைட் ஷோ'வை உறுதி செய்ததேயன்றி, அது எந்த மணிக்குத் தொடங்கும் என்று உறுதி செய்யவில்லை என்று அக்காலத்தில் செய்திகள் வெளிவந்தன. சிங்காதனம் உமதே, ஆனால் அதைக் கொல்லைப்புறத்தில் போடுவோம் என்பது போன்ற வாதம் இது. கோர்ட்டில் நிற்குமோ நிற்காதோ, ஜனங்களின் முன் நிற்கவில்லை. பாரம்பரியமான அந்நிகழ்ச்சியை மறுநாளுக்குத் தள்ளி அதன் அழிவுக்குத் தாம் உடந்தையாக மாட்டோம் என்று 2010 ஜனவரி 12ந் தேதி ஓப்ரையன் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். சுமார் 4½ கோடி டாலரில் ராஜி ஏற்பட்டது; அதில் ஏறக்குறைய 1.2 கோடி அவருடன் பணிபுரிந்த சிப்பந்திகளுக்கு. மார்ச்சு முதல் தேதி லெனோ மீண்டும் பழைய நாற்காலிக்கு வந்தார். கொடுத்த வாக்கைக் காக்கத் துணிவில்லாதவர்கள் வாக்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

நேர்மையாக நடந்த தேர்வும் உண்டு. 2014 ஏப்ரல் 3ந் தேதி லெட்டர்மன் தாம் விலகப்போவதாகச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் சி.பி.எஸ். ஸ்டீபன் கோல்பேரை வாரிசாகப் பகிரங்கமாக அறிவித்தது. 2015 மே மாதம் முன்னவர் வணங்கி விலக, செப்டம்பரில் பின்னவர் அமர்ந்தார். ஒளிந்திருந்து கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை.

அதே மேடைக்குத்தான் இன்று வாரிசே இல்லாமற் போயிற்று. 2025 ஜூலையில், அக்கம்பெனியின் தாய்க் கம்பெனியான பாரமவுண்ட், ஜனாதிபதி டிரம்ப் தொடுத்த வழக்கை 1.6 கோடி டாலர் கொடுத்து ராஜி செய்துகொண்டது. அச்சமயம் அது ஸ்கைடான்ஸ் என்ற கம்பெனியுடன் இணைவதற்குச் சர்க்காரின் அனுமதியை எதிர்பார்த்து நின்றது. கோல்பேர் தமது மேடையிலேயே அந்த ராஜியை லஞ்சம் என்று பழித்தார். மூன்று நாட்கள் கழித்து, ஜூலை 17ந் தேதி, 2026 மே மாதத்தோடு நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவதென்ற முடிவு வெளியாயிற்று. இது பொருளாதார முடிவே, வேறு காரணம் இல்லை என்று கம்பெனி சாதித்தது. ஆண்டுக்கு சுமார் 4 கோடி டாலர் நஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதின. நள்ளிரவு டெலிவிஷனுக்கு விளம்பர வருமானம் சுருங்கி வருவது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நஷ்டம் ஏற்பட்டால் செலவைக் குறைப்பதுண்டு, சம்பளத்தைக் குறைப்பதுண்டு, மலிவான ஆளைத் தேடுவதுண்டு. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆசனத்தை அடியோடு பெயர்த்தெறிவதற்கு முன் இவற்றுள் எதனை முயன்றார்கள்? ஜனங்களுக்குரிய வானலைகளை லைசென்ஸ் பெற்று அனுபவிக்கும் ஸ்தாபனம், அக்கணக்கை ஜனங்களின் முன் வைக்கக் கடமைப்பட்டதன்றோ?

தமக்குப் பதிலாக வேறொருவர் வரப்போவதில்லை, அனைத்தும் முடிகிறதென்று கோல்பேர் அன்றிரவு சபையோரிடம் கூறியபோது, அவர்கள் கூச்சலிட்டுத் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். ஏழு நாட்கள் கழித்து, ஜூலை 24ந் தேதி, இணைப்புக்குச் சர்க்காரின் அனுமதி கிடைத்தது.