விளக்கு மங்கியது உண்மைதான்

உறவினருக்குத் துணையாக மருத்துவமனையில் நாள்கணக்கில் தங்கியிருப்போர் பொழுதுபோக்கிற்காகப் பார்ப்பவற்றுள் குடும்பத் திகில் படங்களும் உண்டு. அவற்றில் பேயும் பிசாசும் வருவதில்லை. மணந்துகொண்டவரிடமிருந்தே அச்சம் பிறக்கிறது. இவ்வகைக் கதைகளுக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஒரு படம், மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்கும் சில செய்திகளைச் சொல்வதால் அதனை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ்லைட்’ நாடகம் 1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மேடையேறியது. 1944இல் ஜார்ஜ் குக்கர் அதனை ஹாலிவுட்டில் படமாக்கினார். அதில் நடித்த இங்கிரிட் பெர்க்மன் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

பவுலா என்னும் இளம்பெண், கொலையுண்ட தன் அத்தையின் லண்டன் வீட்டில் கணவன் கிரகரியுடன் குடியேறுகிறாள். அவன் பரிசளித்த பதக்கம் கைப்பையிலிருந்து காணாமற்போகிறது. சுவரில் தொங்கிய படம் இடம் மாறுகிறது. எல்லாம் அவளுடைய மறதியால் நேர்ந்தவை என்கிறான் கணவன். இரவில் அவன் வெளியே சென்றபின் அறையின் எரிவாயு விளக்கு மங்குகிறது. மூடிக்கிடக்கும் மேல்மாடியில் காலடி ஓசை கேட்கிறது. அதுவும் அவளது கற்பனையென்றே கூறப்படுகிறது. ஒரே குழாயிலிருந்து எரிவாயு பெறும் வீட்டில், ஓரிடத்தில் புதிதாக விளக்கேற்றினால் மற்றோர் இடத்தில் ஒளி குறையும். அத்தையைக் கொன்ற கிரகரிதான் அவளுடைய நகைகளைத் தேடி, இரவுதோறும் மேல்மாடியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தான்.

அக்கறை என்னும் போர்வை

கிரகரி மனைவியை அடிப்பதில்லை. “உனக்கு உடல்நலமில்லை, ஓய்வெடு” என்னும் முறையிலேயே எல்லாவற்றையும் செய்கிறான். வெளியே செல்வதையும் விருந்தினரைச் சந்திப்பதையும் அந்தக் காரணத்தாலேயே தடுக்கிறான். எசமானிக்கு மனம் சரியில்லை என்று பணிப்பெண்ணிடமும் சொல்லிவைக்கிறான். இதனால் அவள் உண்மையைச் சொன்னாலும் நம்புவாரில்லை. நாளடைவில் அவளுக்கே தன்மீது நம்பிக்கை அற்றுப்போகிறது. ஒருவரைத் தம் நினைவையும் அறிவையுமே ஐயுறச் செய்யும் இச்செயலுக்குக் ‘கேஸ்லைட்டிங்’ என்னும் பெயர் இந்தக் கதையிலிருந்தே வந்தது.

மருத்துவ உலகமும் இதனைக் கவனித்தது. 1969இல் ‘தி லான்செட்’ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்னும் இரு மருத்துவர்கள், மனநோய் இருப்பதாகக் காட்டி உறவினரை மருத்துவமனையில் சேர்த்துவிட முயன்ற நிகழ்வுகளை இக்கதையின் பெயராலேயே விவரித்தனர்.

நோயா, சூழ்ச்சியா?

ஆயினும் மறதியைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு துணைவரையும் கிரகரியாக எண்ணிவிடலாகாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில மருந்துகள் ஆகியவை மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். மறதி நோயுற்ற முதியவர், தாம் வைத்த இடம் மறந்து, வீட்டாரே பொருளைத் திருடிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுவதும் உண்டு. இரவு பகலாகப் பணிவிடை செய்பவருக்கு அது பெருந்துன்பம். ஆகவே எந்தத் தரப்பின் சொல்லையும் ஆராயாமல் ஒதுக்குவதுமில்லை, ஆராயாமல் ஏற்பதுமில்லை.

பின்வருவனவற்றுள் சில உங்கள் இல்லத்தில் தொடர்ந்து நிகழ்கின்றனவா என்று எண்ணிப்பாருங்கள்:

• நடந்ததை நடக்கவில்லை என்று அடிக்கடி மறுத்தல்.
• தாய்வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பேசவிடாமல் தடுத்தல்.
• பணம், கைப்பேசி, மருந்து ஆகியவற்றைத் தம் பிடியிலேயே வைத்திருத்தல்.
• “இவருக்கு ஒன்றும் தெரியாது” என்று பிறர்முன் இழித்துரைத்தல்.
• மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நோயாளியைப் பேசவிடாமல் தாமே விடையளித்தல்.

இவற்றுள் கடைசியானது அன்பினாலும் பதற்றத்தாலும்கூட நிகழலாம். அதனால்தான் நோயாளியிடம் சிறிது நேரம் தனியே பேச விரும்புகிறோம். அப்போது வெளியே காத்திருக்கச் சொன்னால் துணைவர்கள் வருந்த வேண்டாம். யாரையும் குற்றவாளியாக்குவதற்காக அவ்வாறு கேட்பதில்லை.

இரண்டாவது சாட்சி

பவுலாவின் விடுதலை, காவல்துறை அதிகாரி ஒருவர் அவளுடைய அறையில் அமர்ந்து, விளக்கு மங்குவதைத் தாமும் காணும்போது தொடங்குகிறது. தான் கண்டது உண்மையென்று அவள் அறிவதற்கு இன்னொருவரின் கண்கள் தேவைப்பட்டன. உங்களுக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். நம்பத்தகுந்த உறவினரிடமோ, மருத்துவரிடமோ, செவிலியரிடமோ, மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள். நடந்தவற்றைத் தேதியிட்டுக் குறித்துவைப்பதும் உதவும். ஆனால் அக்குறிப்பு பிறர் கையில் சிக்காத இடத்தில் இருக்கட்டும்.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது. பெண்கள் 181 என்ற எண்ணையும், முதியோர் 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் அனைவருக்கும் உரியது. மனைவியின் கட்டுப்பாட்டில் துன்புறும் ஆண்களும் தயங்காமல் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 112.

தொலைபேசியில் பேச வழியில்லாதவர்கள், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, “தனியாகப் பேச வேண்டும்” என்று செவிலியரிடம் சொன்னால் போதும். அதற்கான காரணத்தை மற்றவர்முன் கேட்கமாட்டோம்.