உங்கள் கைப்பேசியும் ஒரு வானொலி நிலையம்

1960-களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டு, தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பயிரிட்டார்கள். ரகத்தின் பெயரையே மறந்து, அதை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். அன்று பேசியது வானொலி, கேட்டது விவசாயி. இன்று கைப்பேசி வைத்திருக்கும் விவசாயியே பேசுகிறார். ஊரும் உலகமும் கேட்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் மசாலா அரைத்து, சமைத்ததை ஊராருக்குப் பரிமாறுவதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனல் அதுவே. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டதும் பெரும்பாலும் கைப்பேசிச் செய்திகளால்தான். அதன் பிறகு நாட்டு மாடுகளைப் பற்றி நகரத்தாரும் பேசத் தொடங்கினார்கள். நாட்டின் பழக்க வழக்கங்களை இன்று சாதாரண மக்களின் பகிர்வும் மாற்றி அமைக்கிறது என்பதற்கு இவை சான்று.

திருத்தணியில் கண்டது

மாற்றம் நல்லதாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. திருத்தணிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் அறிந்தவர்கள் பலர். எல்லைக்கு அப்பால் நகரியிலோ புத்தூரிலோ எடுத்த வீடியோ மறுநாளே இங்குள்ள வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிப் பட்ட வேர்க்கடலையில் களைக்கொல்லி தெளிப்பது பற்றி அப்படி ஒரு வீடியோ வந்தது. 'ஒரு டேங்குக்கு 50 மில்லி' என்று அதில் சொன்னார்கள். திருத்தணி அருகே ஒரு விவசாயி அதைத் தமிழில் விளக்கி ஊர்க் குழுவில் போட்டார். தம் வயலிலும் தெளித்தார். வீடியோவில் இருந்தது 25 லிட்டர் விசைத்தெளிப்பான். இவரிடம் இருந்தது 10 லிட்டர் கைத்தெளிப்பான். அந்தக் கணக்குப்படி 10 லிட்டருக்கு 20 மில்லிதான் வரும். இவர் தெளித்தது இரண்டரை மடங்கு. இலைகள் மஞ்சளாகிக் கருகின. செடி வளர்ச்சி குன்றியது. அவர் சொல்லைக் கேட்டு அண்டை வயல்காரர் இருவரும் அவ்வாறே தெளித்திருந்தார்கள்.

வயலைப் பார்க்கச் சென்ற என்னிடம் அவர், "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம் ஐயா. ஊர்ல என் பேச்சு போச்சே" என்றார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். கருகிய செடிகளைப் படம் எடுத்து, 'நான் செய்த தவறு இது. டேங்கின் அளவைப் பார்க்கவில்லை' என்று அதே குழுவில் போட்டார். இன்று அந்தக் குழுவில் யார் மருந்து பற்றிச் சொன்னாலும், 'எத்தனை லிட்டர் டேங்க்?' என்ற கேள்வி முதலில் வருகிறது. தவறும் பகிர்வால் பரவியது. நல்ல வழக்கமும் பகிர்வால்தான் உண்டானது.

உயிரையும் பறிக்கும்

தவறான செய்தி பயிரோடு நிற்பதில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, நமது திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரும் அவ்வாறே உயிரிழந்தார். அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. எனினும், அந்த ஐந்து பேரில் ஒருவர் நம் சொல்லை நம்பி மருந்து தெளிப்பவராக இருக்கலாம்.

பகிரும் முன் கவனிக்க வேண்டியவை

1. எந்த ஊர், எந்த மண், எந்தப் பருவம், எந்த ரகம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

2. மருந்தின் அளவை ஏக்கருக்கு எவ்வளவு, லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். 'ஒரு டேங்குக்கு', 'ஒரு மூடி' என்று சொல்லக் கூடாது.

3. படம் எடுத்த தேதியைப் போட வேண்டும். பழைய படத்தைப் புதிது போல அனுப்பக் கூடாது.

4. நீங்களே செய்து பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். நட்டம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறருக்கு அதுவே பெரும் பயன் தரும்.

5. நோய்க்கு மருந்து கேட்டுப் படம் அனுப்புவோர், இலையின் மேல்புறம், அடிப்புறம், முழுச் செடி, வயல் ஆகிய நான்கையும் எடுத்து அனுப்பினால் சரியான பதில் கிடைக்கும்.

சந்தேகம் இருப்பின் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையத்தையோ (1800-180-1551) கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

அண்டை வீட்டாருக்கு விதைநெல் கொடுக்கும்போது பதர் நீக்கித்தான் கொடுக்கிறோம். செய்தியையும் அவ்வாறே பதர் நீக்கிப் பகிருமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.