எந்தக் கடைக்கு மறுபடியும் போகிறோம்?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூர் சொந்தக்காரர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். அருவியில் தண்ணீர் விழுகிறதா? சாப்பிட எந்தக் கடை நல்லாருக்கும்? முதல் கேள்விக்கான பதில் நாளுக்கு நாள் மாறும். இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். எங்களிடமும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அது தயாரான விதம் கொஞ்சம் வேறு. ருசி, விலை, சுத்தம் எல்லாவற்றுக்கும் முன்னால் வேறொன்றைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். உள்ளே போனால் எப்படி நடத்துவார்கள் என்பதுதான் அது.

பட்டியலில் முதலில் வருவது பார்டர். செங்கோட்டைக்கு முன்னால் இருக்கும் பிரானூரை யாரும் பிரானூர் என்று சொல்வதில்லை. பார்டர் என்றால்தான் தெரியும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளப் பக்கமிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை போய்ப் பல காலம் ஆகியும் பெயர் நிற்கிறது. அந்தப் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனது புரோட்டா. பார்டர் ரஹ்மத் கடை என்றால் மதுரைக்காரருக்கும் தெரியும், சென்னைக்காரருக்கும் தெரியும்.

இலையைப் போட்டு, புரோட்டாவை வைத்து, மேலே சால்னாவை ஊற்றி, மிளகு தூக்கலான நாட்டுக்கோழியைப் பக்கத்தில் வைப்பார்கள். பக்கத்து இலையில் லாரி ஓட்டுநர் இருப்பார். எதிரே குளித்த தலை காயாத ஒரு குடும்பம் இருக்கும். யாருக்கு யார் என்று தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. காசு கொடுக்கிற எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே சால்னா.

இதற்குக் காரணம் எல்லாக் கடைக்காரர்களின் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. சீசன் என்பது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். வருடத்து வருமானத்தின் பெரும்பங்கை அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பசியில் வருகிறவரிடம் தெருவை விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. இலை எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதுதான் கடைக்காரரின் கவலை. ஆளைத் தெரியாத இடத்தில் சாதியும் தெரிவதில்லை. குற்றாலத்தின் சமத்துவத்தில் பாதி இப்படிக் கூட்டத்தால் கிடைத்தது.

அப்பா மடித்த இலை

அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிதாக இருந்த காலம் உண்டு. சின்ன வயதில் எங்களை முதன்முதலாகக் குற்றாலத்துக்கு அழைத்து வந்தார் அப்பா. மெயினருவியில் குளித்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். சாப்பிட்டு முடித்ததும் அப்பா இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கள் இலைகளையும் எடுக்கச் சொன்னார். பரிமாறியவர் ஓடி வந்து, "அய்யா, நீங்க வைங்க, நாங்க எடுத்துக்கிடுதோம்" என்றார். அப்பா இலையை வைத்துவிட்டு நின்றார். கை கழுவக்கூட உடனே நகரவில்லை.

அப்பாவின் கைக்கு அது பழக்கம். எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும். எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். மேலே படாமல் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுத் திரும்பக் கழுவிச் செருக வேண்டும். பெஞ்சு இருக்கும், ஆனால் எங்களுக்கில்லை. அதற்கு முந்தைய தலைமுறைக்கு கிளாஸ்கூட கிடையாது, சிரட்டைதான். அன்று குற்றாலத்தில் சாப்பிட்ட சோறும் குழம்பும் எப்படி இருந்தன என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் அப்பா அந்தக் கடைக்கே போக வேண்டும் என்பார். போனோம். கடை இருந்தவரை போனோம்.

சிரட்டை பழைய கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் விவசாய வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குச் சிரட்டையில் டீ கொடுத்ததாக வழக்குப் பதிவானது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூருக்கு ஆய்வுக்குப் போன ஆட்சியரே அங்குள்ள டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்தார். சில ஊர்களில் இரட்டைக் குவளை பேப்பர் கப்பாக மாறியிருக்கிறது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் அது சுகாதாரம். ஒரு தெருவுக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு தெருவுக்குப் பேப்பர் கப் என்றால் அதன் பெயர் வேறு.

மிட்டாய்க்கும் கட்டுப்பாடு

நம் மாவட்டத்திலேயே நடந்ததை மறக்க முடியாது. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள பாஞ்சாகுளத்தில், பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளை, ஊரில் கட்டுப்பாடு இருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் தர மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அரிதாகவே எடுக்கப்படும் பிரிவு அது.

அந்தப் பிள்ளைகள் குற்றாலத்துக்கு வந்திருந்தால் எந்தக் கடையிலும் மிட்டாய் கிடைத்திருக்கும். சொந்த ஊரில், தங்களைப் பெயர் சொல்லித் தெரிந்த கடையில்தான் கிடைக்கவில்லை. பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஆளைத் தெரியாத இடத்தில் கிடைக்கும் மரியாதை, ஆளைத் தெரிந்த இடத்திலும் கிடைக்கிறதா?

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் வந்து, பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், உணவகத்தில் பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இப்படித் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. புகார் சொல்ல 14566 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சாப்பாட்டுக் கடை இத்தனை முக்கியமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் என்ற பெரிய கடைக்குப் போனார்கள். அங்கே கறுப்பினத்தவர் பொருள் வாங்கலாம். சாப்பாட்டுப் பகுதியில் உட்கார முடியாது. அவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், கூட்டம் சேர்ந்தது, பல ஊர்களுக்குப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை இறங்கி வந்தது. காசை வாங்கிக்கொள்வார்கள், உட்கார மட்டும் விடமாட்டார்கள் என்ற கணக்கு எங்கள் ஊர் பெஞ்சுக்கும் பொருந்தும்.

தெரிந்தும் மாறாத கடை

அதனால் எங்கள் பட்டியலில் பார்டருக்கு மேலே இப்போது வேறு கடை வந்திருக்கிறது. தென்காசியில் ஒரு சின்ன இட்லிக் கடை. ஆறேழு பேர் உட்காரலாம். கடை நடத்தும் அக்காவுக்கு எங்கள் ஊர் தெரியும், தெரு தெரியும். தெரிந்துகொண்ட அன்று அவர் முகத்தைத்தான் நாங்கள் பார்த்தோம். "அப்படியா, உங்க ஊருலதான் எங்க சித்தியக் கட்டிக் குடுத்திருக்கு" என்றவர், கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். அடுத்த முறையும் அதே தட்டு, அதே டம்ளர், அதே பெஞ்சு. போன தடவை கூட வந்த பிள்ளை பாஸாகிவிட்டதா என்று விசாரித்தார். பார்டரில் எங்களை யாருக்கும் தெரியாது, அது ஒரு நிம்மதி. இங்கே எங்களைத் தெரியும், தெரிந்தும் எதுவும் மாறவில்லை. அதுதான் எங்களை மறுபடியும் வரவைக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாங்கள் மற்றவர்கள் கடையில் சாப்பிடுகிறோம். எங்கள் கை சமைத்ததை மற்றவர்கள் சாப்பிடுகிறார்களா? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடாமல் தடுத்தார்கள். அரசாங்கச் சமையல்கட்டிலேயே இப்படி என்றால், சொந்தக் காசைப் போட்டுக் கடை திறக்கிற எங்கள் ஆட்களின் பயத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னால் தென்காசியில் மெஸ் ஆரம்பித்தார். கைப்பக்குவத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அம்பேத்கர் படத்தை எங்கே மாட்டுவது என்பதில்தான் வீட்டில் நான்கு நாள் பேச்சு. மாட்டினால் வாடிக்கை குறையும் என்றார்கள் சிலர். மாட்டாமல் இருந்தால் அது என்ன பிழைப்பு என்றார்கள் சிலர். கடைசியில் அடுப்படிக்குள், சமைக்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாட்டினார். மூன்று வருடம் படம் அங்கேயே புகை பிடித்தது. அதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிரந்தரமாக வருகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். போன வருடம் அதைத் துடைத்துக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.

மாட்டிய வாரத்தில் ஒரு நாள் நாங்கள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பெரிய தெருக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மெஸ்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். வந்தவர் எங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, "என்ன குழம்பு?" என்று கேட்டார். ரசத்தை இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். காசு கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

மறு வாரமும் வந்தார் என்று மெஸ்காரர் சொன்னார்.