நீலாய் வளாகம்: தோட்டப்புறத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம்

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலில் அமர்ந்து நிலையப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் நம் நாட்டு உயர்கல்வி வரலாற்றின் ஒரு பகுதியையும் படித்துவிடலாம். செர்டாங் வருகிறது; 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனம் அதன் அருகில் உள்ளது. காஜாங்கைக் கடந்ததும் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய நிலையம். பின்னர் பாங்கி, பத்தாங் பெனார், நீலாய், லாபு, தீரோய். இவற்றுள் நீலாயில்தான் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதே பாதையிலும் அதன் இருமருங்கிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பத்தாங் பெனார் தோட்டத் தமிழ்ப்பள்ளி, நீலாய் தமிழ்ப்பள்ளி, டேசா செம்பாக்கா தமிழ்ப்பள்ளி, பஜாம் துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி, லாபு, கெர்பி தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் என அவற்றை அடுக்கலாம்.

இப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பலர் அவ்வளாகத்தின் நுழைவாயிலைக் கடந்தே நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். எனினும், அது எவ்வாறு அங்கு வந்தது, எவ்வாறு இயங்குகிறது, தம் மாணவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. அந்த விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். மலாய் மொழியில் ‘நீலாய்’ என்பது மதிப்பைக் குறிக்கும் சொல். நம்மவர் இதனை நெடிலோடு ‘நீலாய்’ என்றே நெடுங்காலமாக எழுதி வருவதால், தமிழிலுள்ள ‘நிலை’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ள இடமில்லை.

நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இரப்பர்த் தோட்டங்களாக மாறியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் விதித்ததற்கும் நிருவாகம் செய்ததற்கும் இடையே இருந்த தொலைவைத் தோட்டப் பள்ளிகளில் படித்த மூத்தோர் நன்கறிவர். ஆயக்கொட்டகை ஒருபுறம், பள்ளி மறுபுறம் என ஒரே கூரையின்கீழ் இயங்கிய இடங்களும் உண்டு. ஆயினும் இன்று இப்பகுதியில் எஞ்சியிருக்கும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் பெரிய அச்சுறுத்தலாக வந்தது. அதற்கு எதிர்வினையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதற்குப்பின் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்பதால் லயங்களில் ஆள் குறைந்தது. 1990களில் வந்த மாற்றமோ வேறு வகையானது. இம்முறை மாறியது பயிர் அன்று, நிலத்தின் பயன்பாடு. சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம் எழுந்து 1998இல் திறக்கப்பட்டது. பேராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த இடத்தில் புத்ராஜெயா உருவானது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. விமான நிலையத்துக்கும் சிரம்பானுக்கும் இடையில் இருந்த நீலாய் திடீரென நிலமதிப்புள்ள இடமாயிற்று. பண்டார் பாரு நீலாய் என்ற புதுநகர் அமைந்தது. 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் வழிவகுத்ததால் தனியார் கல்லூரிகளும் அங்கு வந்தன. இந்தி, நீலாய் ஆகிய இரு கல்லூரிகளும் பின்னர்ப் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. அரசு வளாகம் வந்ததும் இந்தச் சூழலில்தான்.

அவ்வளாகத்தின் முன்வரலாறு நீலாயில் தொடங்கவில்லை. 1955இல் கிள்ளானில், சிலாங்கூர் சுல்தானுக்குரிய அரண்மனை ஒன்றில், மலாயா இஸ்லாமியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது 1966இல் பெட்டாலிங் ஜெயாவுக்கு மாறியது. 1970இல் தேசியப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் இஸ்லாமியக் கல்விப் புலத்துக்குள் இக்கல்லூரி இணைக்கப்பட்டது. தனி நிறுவனமாக அது இல்லாது போயிற்று. எனினும், சமயக் கல்வியையும் நவீன அறிவியலையும் இணைத்துக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் மறையவில்லை. 1997 ஜூன் மாதம் அரசு அதற்கு இசைவு தந்தது. 1998 மார்ச் 13ஆம் நாள் மலேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரில் அது நிறுவப்பட்டது. நாட்டின் 12ஆவது அரசு உயர்கல்விக் கூடம் அது.

சட்டப்படி பிறந்துவிட்டாலும் அதற்குச் சொந்த இடம் இல்லை. 2000இல் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள பழைய இஸ்லாமியக் கல்லூரி வளாகத்திலேயே அது தற்காலிகமாகத் தொடங்கியது. 2002இல் பண்டான் இண்டாவில் இரு வணிகக் கோபுரங்களுக்கு இடம்பெயர்ந்தது. 2005இல்தான் நீலாயின் நிலையான வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் மருத்துவமும் பல் மருத்துவமும் பண்டான் இண்டாவிலேயே தங்கின. 2007 பிப்ரவரி முதல் நாள் ‘கல்லூரி’ என்ற சொல் நீங்கி அது முழுப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஜொகூரிலும் மலாக்காவிலும் திரங்கானுவிலும் அவ்வாறே பல்கலைக்கழகக் கல்லூரிகளாக இருந்தவை அதே காலத்தில் பல்கலைக்கழகங்களாயின.

இந்த இடப்பெயர்ச்சி வரலாறு இந்திய ஆய்வியல் துறையினராகிய நமக்குப் புதியதன்று. நம் துறையும் 1956இல் சிங்கப்பூரில் தோன்றிப் பின்னரே கோலாலம்பூருக்கு வந்தது.

இனி அமைப்பைப் பார்ப்போம். நீலாய் வளாகம் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. அச்சட்டத்துக்கு உட்பட்டு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி அமைப்பு விதிகள் உண்டு. மாமன்னர் வேந்தரை நியமிக்கிறார். நீலாயில் அப்பொறுப்பை நெகிரி செம்பிலான் அரச குடும்பத்தின் பெருமாட்டியர் ஏற்று வந்துள்ளனர். துணைவேந்தரை நியமிப்பவர் உயர்கல்வி அமைச்சர். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் பழைய மன்றத்தின் இடத்தை இயக்குநர் வாரியம் பெற்றது. பணம், பதவி, கட்டடம் ஆகியவை வாரியத்தின் பொறுப்பு. பாடம், தேர்வு, பட்டம் ஆகியவை செனட்டின் பொறுப்பு. பதிவாளர், நிதியாளர், தலைமை நூலகர் ஆகியோர் அன்றாட நிருவாகத்தைத் தாங்குகின்றனர். மேலே அமைச்சு இருக்கிறது. உயர்கல்வி அமைச்சு 2004இல் தனியாகி, 2013இல் கல்வி அமைச்சோடு சேர்ந்து, 2015இல் பிரிந்து, 2018இல் மீண்டும் சேர்ந்து, 2020இல் மறுபடியும் பிரிந்தது. கடிதத் தாளின் தலைப்பை அச்சிடுவோருக்கு இது நல்ல காலமாக இருந்திருக்கும்.

கல்விப் பிரிவுகளைப் பொறுத்தவரை, குர்ஆன் சுன்னா ஆய்வு, ஷரியாவும் சட்டமும், தலைமைத்துவமும் மேலாண்மையும், பொருளியலும் முவாமலாத்தும், மருத்துவமும் சுகாதார அறிவியலும், பல் மருத்துவம், அறிவியல் தொழில்நுட்பம், பொறியியலும் கட்டடச் சூழலும், பெருமொழிகள் ஆய்வு எனப் புலங்கள் விரிந்துள்ளன. வெளிப்பாட்டு அறிவையும் பகுத்தறிவையும், அதாவது ‘நக்லி’யையும் ‘அக்லி’யையும், ஒருங்கிணைப்பதே தன் கொள்கை என்று அப்பல்கலைக்கழகம் கூறிக்கொள்கிறது. எனவே, அங்கு அறிவியல் புலம் சமயப் புலத்துக்குப் பக்கத்தில் வெறுமனே வைக்கப்பட்ட ஒன்றன்று. இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அது எந்த அளவுக்கு வகுப்பறையில் நிறைவேறுகிறது என்பதை அங்குள்ள அறிஞர்களே மதிப்பிட வேண்டும்.

‘பெருமொழிகள்’ என்ற பெயரிடத்தில் சற்று நிற்போம். அரபும் ஆங்கிலமும் அப்புலத்தின் முதன்மை மொழிகள். பேசுவோர் எண்ணிக்கை, இலக்கியத் தொன்மை, சுற்றுவட்டாரத்தில் வாழ்வோரின் தாய்மொழி என அளவுகோல் எதுவாயினும், தமிழைப் பெருமொழி அன்று என ஒதுக்குவது எளிதன்று. ஆனால், பல்கலைக்கழகம் எதுவும் இத்தகைய வாதத்தால் மட்டும் ஒரு மொழியை ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கென்று நடைமுறை உண்டு. அதைத்தான் தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

புதிய பட்டப்படிப்பு ஒன்று வேண்டுமென்றால் புலம் அதனை வரைந்து முன்மொழிகிறது. செனட் ஆராய்கிறது. ஆசிரியர் பணியிடங்களுக்கும் செலவுக்கும் வாரியத்தின் இசைவு தேவைப்படுகிறது. பின்னர் அது அமைச்சின் உயர்கல்விக் குழுவுக்குச் செல்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மலேசியத் தகுதி நிறுவனத்தின் தரநிலைகளை அது நிறைவு செய்ய வேண்டும். படித்து வெளிவருவோருக்கு வேலை உண்டா, ஆண்டுதோறும் மாணவர் சேர்வார்களா என்ற இரண்டு கேள்விகள் ஒவ்வொரு படியிலும் எழும். விருப்பப் பாடமாக ஒரு மொழியைக் கற்பிப்பது இதைவிட எளிது. பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே முடிவெடுக்கலாம். மருத்துவ மாணவர் நோயாளியின் மொழியில் நான்கு வாக்கியம் பேசக் கற்பது எந்தக் கொள்கைக்கும் முரணானது அன்று.

இவ்வாறான முடிவுகளில் பொதுமக்களின் குரல் சென்று சேர்ந்த காலமும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை அமையவிருந்தபோது ஆலோசனை கூற வந்த பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வடமொழியை அடிப்படையாகக் கொள்ளலாம் என்றார். மலாயாவின் தமிழர் அதனை ஏற்கவில்லை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை ஓர் இயக்கமாகவே நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதியும் திரட்டப்பட்டது. தொழிலாளரும் கொடுத்த அந்நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. துறை தமிழையே ஏற்றது. பத்தாண்டுகளில், 1966 ஏப்ரலில், அத்துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அன்று எழுந்தது வெறும் முழக்கம் அன்று. நூலகத்துக்கு நூல், வகுப்புக்கு மாணவர் என்ற இரண்டும் அதன்பின் நின்றன.

மாணவர் என்றதும் நுழைவுப் பாதைக்கு வருகிறோம். வளாகம் பக்கத்தில் இருப்பதால் பக்கத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை கிடைப்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை நாடு முழுமைக்கும் மையப்படுத்தப்பட்ட விண்ணப்பத்தின்வழி நடைபெறுகிறது. 2002 முதல் இன ஒதுக்கீட்டுக்கு மாறாகத் தகுதி அடிப்படை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால், தகுதியைக் காட்டும் பாதைகள் ஒன்றல்ல. எஸ்.பி.எம். முடித்தவர் ஓராண்டு மெட்ரிகுலேசன் படிக்கலாம், ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படைப் படிப்பில் சேரலாம். நீலாயிலும் ‘தம்ஹிடி’ என்னும் அத்தகைய படிப்பு உண்டு. மெட்ரிகுலேசனில் பூமிபுத்திரா அல்லாதார்க்கு 2003 முதல் 10 விழுக்காடு திறந்துவிடப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ‘ஏ’யும் அதற்கு மேலும் பெறுவோர் எவராயினும் மெட்ரிகுலேசனில் இடம் பெறுவர் என அரசு 2024இல் அறிவித்தது.

தோட்டப்புறத்துப் பிள்ளையின் கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி; மலாய்மொழியில் உரிய தேர்ச்சி இல்லையேல் புகுமுக வகுப்பில் ஓராண்டு; பின் ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளி. மெட்ரிகுலேசன் கிடைக்காதபோது ஆறாம் படிவத்தில் மூன்று பருவம். இவ்வாறு வருவோர் தம் வயதுத் தோழரைவிட ஓராண்டோ அதற்கு மேலோ பிந்திப் பல்கலைக்கழகத்தைக் காண்கின்றனர். இடையில் வேலைக்குச் சென்றுவிடுவோர் அதைக் காண்பதே இல்லை. நீலாயைச் சுற்றித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்திருக்கின்றன. பதினெட்டு வயதில் சம்பளம் தரும் வாயில் வீட்டருகில் இருக்கையில், மூன்று பருவம் காத்திருக்கச் சொல்ல யாரேனும் ஒருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் தமிழாசிரியராகவே இருக்கிறார். விண்ணப்ப நாளையும், படிப்புக்குப் படிப்பு மாறும் நுழைவுத் தகுதியையும், மேல்முறையீட்டுக்கான காலவரம்பையும் அவர் அறிந்திருப்பது இலக்கணம் அறிந்திருப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவிய மலேசிய நோக்குப் பள்ளத்தாக்குத் திட்டம் 2018இல் புதிய வடிவில் தொடங்கப்பட்டது. லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களும் அதன் வரைபடத்துக்குள் வருகின்றன. 2020 ஜனவரியில் நீலாய் நகராண்மைக் கழகமே சிரம்பான் மாநகரோடு இணைந்துவிட்டது. தோட்டங்கள் சுருங்கினாலும் பள்ளிகள் ‘தோட்டம்’ என்ற சொல்லைத் தம் பெயர்ப்பலகையில் வைத்திருக்கின்றன. காலையில் பத்தாங் பெனாரிலும் லாபுவிலும் பிள்ளைகள் பள்ளி வாகனத்தில் ஏறும் அதே நேரத்தில், நீலாய் நிலையத்தில் வேறு மாநிலங்களிலிருந்து வந்த மாணவர்கள் பெட்டியோடு இறங்கி வளாகத்துக்குப் பேருந்து தேடுகின்றனர்.