எண்ணெயைத் திரும்பவிடாத சிறு வால்வு

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. டிராக்டரை வைத்து அங்கத்தினர்களுக்கு வாடகை உழவு செய்துகொடுக்கும் சங்கங்கள் இதை அடிக்கடி நினைவிற்கொள்வது நலம். பல இலட்சம் ரூபாய் பெறும் இயந்திரத்தின் நலம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வட்டையும் சார்ந்திருக்கிறது. அவ்வட்டைப் பற்றியே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுவின் முன் ஒரு வழக்கு இருந்தது. காலையில் டிராக்டரைக் கிளப்பியதும் எஞ்சினில் சில விநாடிகள் கடகடவென்று ஒலி எழுகிறது. எண்ணெய் அழுத்த விளக்கு உடனே அணைவதில்லை. இது ஓட்டுநரின் கவனக்குறைவு என்றும், பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்றும் சிலர் கருதினர். ஓட்டுநரோ, தாம் நாள்தோறும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்தே வண்டியை எடுப்பதாகக் கூறினார். அளவுகோலை எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் சரியான அளவில் இருந்தது. அப்படியானால் குற்றம் எங்கே?

இதை அறிய எண்ணெய் செல்லும் வழியை அறிதல் வேண்டும். எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, ஆயில் பில்டர் வழியாகப் பேரிங்குகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் அனுப்புகிறது. திருகி மாட்டும் பில்டரின் வாய்த்தட்டில், ஓரத்தைச் சுற்றிச் சிறு துளைகளும் நடுவில் மறையுள்ள ஒரு பெரிய துளையும் இருக்கும். எண்ணெய் ஓரத் துளைகளின் வழியே புகுந்து, மடிப்புக் காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் கசிந்து, தூய்மையடைந்து, நடுத்துளை வழியே வெளியேறுகிறது.

எஞ்சின் நின்றதும் அழுத்தம் ஒழிகிறது. பில்டர் வாய் மேல்நோக்கித் தொங்கினால், குடத்து நீர்போல் எண்ணெய் அதிலேயே தங்கும். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்பட்டிருந்தால், வந்த வழியே தொட்டிக்கு இறங்கிவிடும். இதைத் தடுக்கவே ஓரத் துளைகளின் உட்புறத்தில் ரப்பர் வட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. பம்பின் அழுத்தம் அதை நெகிழ்த்தி எண்ணெயை உள்ளே விடுகிறது. அழுத்தம் நின்றதும் வட்டு துளைகளின்மேல் படிந்து மூடிக்கொள்கிறது.

விவசாய அன்பர்களுக்கு இது புதிதன்று. கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாயடியில் உள்ள புட்வால்வு செய்வதும் இதே வேலைதான். அது கசிந்தால் காலைதோறும் பம்புக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியிருப்பதை யார் அறியார்? நெசவாளர்கள், நெய்த துணியைச் சுற்றும் உருளையின் பல்சக்கரத்தில் விழும் நாக்கை எண்ணிக்கொள்ளலாம். முன்னே போக விடும். பின்னே வர விடாது.

வட்டு சரிவர மூடாவிடில், இரவு முழுவதும் எண்ணெய் இறங்கிப் பில்டர் காலியாகிவிடும். காலையில் பம்பு முதலில் பில்டரை நிரப்பியாக வேண்டும். அதன் பின்னரே பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டும். அந்தச் சில விநாடிகளில், உறுப்புகள் முன்னாளில் ஒட்டியிருந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தை மட்டும் நம்பிச் சுழல்கின்றன. ஒருநாள் இவ்வாறு நிகழ்வதால் கேடில்லை. நாள்தோறும் நிகழ்ந்தால் தேய்மானம் சேரும்.

இவ்வால்வு எவ்வளவு நன்றாகத் தடுக்கிறது என்ற வினாவுக்கு ஒரே விடை கூற இயலாது. நல்ல வட்டு ஓரிரவு எண்ணெயைப் பெரும்பாலும் தாங்கும். ஆயினும் முற்றிலும் கசிவற்றதாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தல் தவறு. பல நாள் நின்ற வண்டியில் பேரிங் இடைவெளிகள் வழியாகவும் எண்ணெய் சிறிது சிறிதாக இறங்கும். அதற்கு இவ்வட்டு பொறுப்பன்று.

வட்டின் பொருளும் முக்கியம். பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரில் செய்கிறார்கள். விலை குறைவு, ஆனால் வெப்பத்தால் நாளடைவில் விறைத்துப்போகும். விறைத்த வட்டு தட்டில் படியாது. சிலிகோன் ரப்பர் வெப்பத்திலும் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும், விலை கூடுதல். சிலிகோன் வட்டு பல பில்டர்களில் செம்மஞ்சள் நிறமாக இருப்பினும், நிறம் மட்டும் சான்றாகாது. மேலும், சில எஞ்சின்களில் இத்தடுப்பு எஞ்சினிலேயே அமைந்திருக்கும்; அவற்றின் பில்டரில் வட்டு இல்லாதது குறையன்று. காகிதம் அடைபட்டால் எண்ணெயை மாற்றுவழியில் விடும் பைபாஸ் வால்வு வேறு. அதையும் இதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சோதிக்கும் முறை எளிது. இரவு முழுதும் நின்ற வண்டியின் அடியில் தட்டு வைத்து, காலையில் கிளப்பும் முன்பே பில்டரைக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் மாட்டிய பில்டரில் எண்ணெய் பெருமளவு இருந்தால் வட்டு நன்று. காலியாக இருந்தால் வட்டையே முதலில் ஐயுற வேண்டும். எண்ணெய் இருந்தும் ஒலி எழுந்தால் பம்பையும் பேரிங்குகளையும் மெக்கானிக் பார்க்கட்டும். புதிய பில்டர் மாட்டியவுடன் முதல்முறை விளக்கு சற்றுத் தாமதித்து அணைவது இயல்பே.

அச்சங்கத்தில் அவ்வாறே கழற்றினோம். பில்டரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஓரத் துளை வழியே குச்சியால் அழுத்தியபோது, வட்டு அட்டைபோல் விறைத்திருந்தது. எஞ்சினுக்குரிய எண் கொண்ட பில்டரை மாட்டிய மறுநாள் காலை ஒலி எழவில்லை. சம்பளப் பிடித்தம் என்ற பேச்சும் நின்றது.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் நம் கடமை. அச்சங்கம் மலிவான பில்டருக்கு மாறியது ஏன் என்று கோப்பைப் புரட்டினோம். 'உதிரிப்பாகச் செலவு அதிகம். விலை குறைந்தவற்றை வாங்குக' என்ற குறிப்பு முந்திய ஆண்டில் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழிருந்த கையொப்பம் நம்முடையதே. விலையைப் பார்த்தோம், பொருளைப் பார்க்கவில்லை. அதற்கான பழி, ஒன்றும் அறியாத ஓட்டுநர் மேல் விழவிருந்தது. அக்குறிப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டே ஊர் திரும்பினோம்.

ஆகவே சங்கத்தார்க்கு நாம் கூறுவது இதுதான். விலை குறைந்தது யாவும் தாழ்ந்ததன்று. விலை உயர்ந்தது யாவும் சிறந்ததுமன்று. எஞ்சின் கையேடு கூறும் எண்ணையே கேட்டு வாங்குங்கள். மாட்டிய தேதியையும் ஓடிய மணியையும் பதிவேட்டில் குறியுங்கள். கையேடு சொல்லும் மணிக்கணக்கைக் கடத்தாதீர்கள். காலையில் புதிய ஒலி கேட்டதாக ஓட்டுநர் சொன்னால், அவர்மேல் ஐயுறுமுன் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். இயந்திரத்தின் குரலை முதலில் கேட்பவர் அவரே.