கோவாவில் அச்சேறிய மருத்துவ நூல்

ஏட்டுப் பிரதி ஒன்று அழியின் நூலே அழிதலும் கூடும். அச்சு ஒன்றைப் பலவாக்குவது. பலவாய்ப் பரந்ததை அழித்தல் அரிது. இதற்குச் சான்றாவது கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவரின் நூலாகும்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து அச்சகங்கள் பண்டை மருத்துவ நூல்களையே பெரிதும் போற்றின. 1525இல் வெனிசு நகர் ஆல்துசு அச்சகம் கலேனின் நூற்றொகுதியைக் கிரேக்க மொழியில் வெளியிட்டது. 1543இல் பாசல் நகரில் அச்சான வெசாலியசின் உடற்கூற்று நூலோ, கலேன் கூற்றுகள் பலவற்றை மறுத்தது. காட்சி, கருதல், உரை எனச் சைவ நூல்கள் வகுத்த அளவைகளை மாணவர் அறிவர். அங்கு உரையளவையோடு காட்சியளவை வழக்காடத் தொடங்கிற்று என்க.

அவ்வழக்கு கீழைநாட்டிலும் எழுந்தது. 1534இல் இந்தியா போந்த ஓர்த்தா, நாட்டு வைத்தியரிடம் கேட்டும் தாமே கண்டும் அறிந்த மருந்துச் சரக்குகளைப் பற்றி 59 உரையாடல்கள் இயற்றினார். கோவாவுக்கு 1556இல் அச்சுப்பொறி வந்திருந்தது. 1563இல் அந்நகரிலேயே நூல் அச்சேறியது. அச்சுப் பிழைகள் மலிந்தமையால் நீண்டதொரு பிழைதிருத்தமும் சேர்க்கவேண்டியதாயிற்று.

பழைய நூல்களையே நம்பும் ருவானோ என்னும் கற்பனை மருத்துவர் வினவ, ஓர்த்தா விடை பகர்வார். பணிப்பெண் அந்தோனியா மூலிகைகளைக் கொணர்ந்து காட்டுவாள். கறுவாக் குச்சிகளால் பறவைகள் கூடு கட்டும் என்று எரொதோத்தசு எழுதிவைத்தார். மலைச்சாரற் காடுகளிற் கறுவா மரத்தைக் கண்டறிந்த நமக்கு இது நகைப்பையே தரும். இத்தகைய பழங்கதைகளை விலக்கிய ஓர்த்தா, இலங்கைக் கறுவாவே சிறந்ததென உரைத்தார். வாந்திபேதி நோயின் குறிகளையும் விளங்க விரித்தார்.

1567இல் குளூசியசு அந்நூலை இலத்தீனிற் சுருக்கி ஆந்துவெர்ப்பில் வெளியிட, ஐரோப்பா எங்கும் அது பரவிற்று. மறுஆண்டு ஓர்த்தா இறந்தார். அவர் யூத மரபினர். யூத நெறியைக் கைவிடவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் கோவாவின் சமய விசாரணை மன்றம் அவர் உடன்பிறந்தாளை 1569இல் எரித்தது. அவருடைய எலும்புகளையும் 1580இல் தோண்டியெடுத்து எரித்தது. எலும்பை எரித்தோர்க்கு, பரந்துவிட்ட நூல் எட்டவில்லை.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சானது. நாட்டு வைத்தியர் அறிவு அதற்கு முன்னரே பிறர் மொழியில் அச்சேறியிருந்தும், தமிழ் மருத்துவ ஏடுகள் நெடுங்காலம் அப்பேறு பெறவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கிய காலத்தும், நம் ஏடுகள் பல பரண்களிலேயே கிடந்தன. செல்லரித்துப் போனவை எத்தனையோ! எஞ்சியவற்றைத் தேடிப் படியெடுத்துக் காத்தல் கற்றோர் கடனாம்.